உளப்பகுப்பாய்வு ஏன் வியன்னாவில் பிறந்தது? வாயனசாலை வகுப்புக்கு விவரம் வேண்டும்

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

வணக்கம். கேரள எல்லையில் உள்ள எங்கள் வாயனசாலையில் (படிப்பகத்தில்) அடுத்த மாதம் இரண்டு ஞாயிறு, தலா ஒன்றரை மணி நேரம், உளப்பகுப்பாய்வு, அதாவது நோயாளியைப் பேச வைத்து மனதை ஆராயும் சைக்கோஅனாலிசிஸ், தோன்றிய விதம் பற்றி ஒரு வகுப்பு வைக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் மலையாள மீடியம். பேச்சில் சிக்கலில்லை, எல்லோருக்கும் தமிழ் வரும். கலைச்சொல் என்று வந்தால்தான் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள்.

கையில் கிடைத்த கட்டுரைகள் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. அந்தக் காலத்து வியன்னாவில் காமத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது, அடக்கி வைத்ததெல்லாம் பெண்களுக்கு நோயாக வெளிப்பட்டது, ஃபிராய்டு என்ற டாக்டர் அதைக் கண்டுபிடித்தார் என்று. இதில் எவ்வளவு சரி? அந்த ஊருக்கும் காலத்துக்கும் இதில் உண்மையில் என்ன பங்கு? கட்டிலில் படுக்க வைத்துப் பேசச் சொல்கிற ஏற்பாடு எங்கிருந்து வந்தது? எந்தச் சொற்களைப் பயன்படுத்தினால் குழப்பம் குறையும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பழைய மருத்துவம் எழுதியது:

காமத்தைப் பற்றி வாய் திறக்காத ஊர் என்ற படம் வியன்னாவுக்குப் பொருந்தாது. ரிஹார்ட் ஃபொன் கிராஃப்ட் எபிங் என்ற மனநோய் மருத்துவர் பாலியல் பிறழ்வுகளைப் பற்றி 1886இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பதிப்புக்குப் பதிப்பு அது தடித்துக்கொண்டே போனது. 1889இல் அவர் வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராக வந்தார். டாக்டர்கள் தாராளமாகப் பேசினார்கள். நோயாளி பேசுவதை உட்கார்ந்து கேட்கும் வழக்கம்தான் அவர்களிடம் இல்லை.

அதனால் வகுப்பை "அடக்கப்பட்ட சமூகம்" என்று தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு தனியார் டாக்டரின் அறையில் ஒரு வைத்தியம் தோற்று, அதன் இடத்தில் அடுத்தது வந்த வரிசையைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எதனால் தோற்றது என்று தெரிந்தால், அந்தக் கட்டில் ஏன் அங்கே கிடக்கிறது என்பதை வகுப்பே சொல்லிவிடும்.

1886 ஏப்ரல் 25, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஃபிராய்டு நரம்பு நோய் டாக்டராகத் தனியாகத் தொழில் தொடங்கினார். கை கால் மரத்துப்போதல், விளங்காத வலி, விடாத இருமல், குரல் போய்விடுதல் என்று, அன்று ஹிஸ்டீரியா என்று அழைத்த கோளாறுகளோடு வருகிறவர்களுக்கு அன்று இருந்த வைத்தியம் மெல்லிய மின்னோட்டம், குளியல், மசாஜ், ஓய்வு. வில்ஹெல்ம் எர்ப் எழுதிய பாடநூலைப் பார்த்துக் கருவி வாங்கி, அதில் சொன்னபடியே செய்து பார்த்தார். குணம் தெரிந்தவர்களுக்கும் அது மின்சாரத்தால் வந்ததாக அவருக்குப் படவில்லை. டாக்டர் சொன்ன வார்த்தை வேலை செய்திருக்கிறது என்று நினைத்தார்.

வார்த்தைதான் வேலை செய்கிறது என்றால் அதை நேராகவே கொடுக்கலாமே என்று வந்தது ஹிப்னாடிசம். 1885 அக்டோபர் முதல் 1886 பிப்ரவரி வரை பாரிஸில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பு நோய் மருத்துவர் ஷார்க்கோவிடம் இருந்தபோது, ஹிப்னாடிசத்தில் சொன்ன ஒரு சொல்லாலேயே கை விளங்காமல் போவதை ஃபிராய்டு நேரில் பார்த்திருந்தார். 1887 கடைசியில் தானே செய்யத் தொடங்கினார். இரண்டு இடத்தில் இடித்தது. எல்லோரும் மயங்குவதில்லை. மயங்கியவர்களுக்கும் போன நோய் திரும்ப வந்தது. 1889இல் பிரான்சின் நான்சி நகருக்குப் போய் இத்துறையில் பெயர் பெற்ற பெர்ன்ஹைமைச் சந்தித்தார். தன் பெரிய வெற்றிகள் எல்லாம் பொது மருத்துவமனை நோயாளிகளிடம்தான், காசு கொடுத்து வரும் தனி நோயாளிகளிடம் அந்த அளவு நடப்பதில்லை என்று பெர்ன்ஹைமே ஒப்புக்கொண்டாராம். இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தர்ம ஆஸ்பத்திரியில் டாக்டரின் அதட்டலுக்கு நோயாளி கட்டுப்படுவார். கட்டணம் கொடுத்து, படித்து, எதிர்க்கேள்வி கேட்கிறவரிடம் அதட்டல் செல்லாது. ஃபிராய்டிடம் வந்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓடை வருகிறது. ஜோசப் பிராய்யர் என்ற மூத்த மருத்துவர் 1880 டிசம்பர் முதல் 1882 ஜூன் வரை ஓர் இளம்பெண்ணுக்கு வைத்தியம் பார்த்தார். ஏடுகளில் அவர் பெயர் அன்னா ஓ. தாகம் எடுத்தும் ஆறு வாரம் டம்ளரை வாயில் வைக்க முடியாமல், முலாம்பழம் போன்றவற்றைத் தின்றே சமாளித்தார். ஒரு நாள் ஹிப்னாடிச நிலையில், தனக்குப் பிடிக்காத ஆங்கிலத் தோழியின் நாய் டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்ததையும், மரியாதைக்காகத் தான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததையும் அருவருப்போடு கொட்டினார். கொட்டி முடித்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நோயின்போது தாய்மொழியான ஜெர்மன் அவருக்கு மறந்துபோய் ஆங்கிலம் மட்டுமே பேசினார். "பேச்சு வைத்தியம்" என்ற பெயரை அவர்தான் ஆங்கிலத்தில் வைத்தார். "புகைக்கூண்டு துடைப்பது" என்றும் வேடிக்கையாகச் சொன்னார்.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். அன்னா ஓ ஃபிராய்டின் நோயாளி அல்லர். 1882இல் முழுக்கக் குணமானதும் இல்லை. அந்த ஜூலையிலேயே சுவிட்சர்லாந்தின் கிரொய்ட்ஸ்லிங்கனில் இருந்த காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆவணங்களை ஆன்ரி எல்லன்பெர்கர் என்ற மருத்துவ வரலாற்றாளர் தேடிப்பிடித்து 1972இல் எழுதினார். அன்னா ஓவின் உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். பிற்காலத்தில் யூதப் பெண்களுக்கான அமைப்பை 1904இல் ஜெர்மனியில் நிறுவிப் பெரும் பணி செய்தவர். அவரை வெறும் நோயாளியாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

ஃபிராய்டின் அறைக்கு வருவோம். எம்மி என்று அவர் குறிப்பிடும் நோயாளி, "இது எதனால் வந்தது, அது எதனால் வந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்கள்" என்ற பொருளில் அவரைக் கண்டித்தார். 1892 கடைசியில் வந்த லூசி என்ற ஆங்கில வீட்டு ஆசிரியைக்குக் கருகிய இனிப்பின் வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. ஹிப்னாடிசத்துக்கு அவர் மயங்கவும் இல்லை. அப்போது ஃபிராய்டு பிடித்தது நெற்றியழுத்தம். நெற்றியில் கையை வைத்து அழுத்தி, "கையை எடுத்ததும் ஏதாவது ஒன்று தோன்றும், அது என்னவென்று சொல்லுங்கள்" என்பார். இதிலும் ஒரு கோளாறு. கையை வைத்து அழுத்துகிறவர் டாக்டர். வருகிற நினைவு நோயாளியுடையதா, டாக்டரின் பிடிவாதத்துக்காக வந்ததா? சில ஆண்டுகளில் அந்தக் கையும் போனது. பிறகு கண்ணை மூடச் சொல்வதும் போனது. மிஞ்சியது ஒரு கட்டில், பின்னால் ஒரு நாற்காலி, மனதில் வருவதை விடாமல் சொல்ல வேண்டும் என்ற ஒரே விதி.

உளப்பகுப்பாய்வு என்ற சொல் 1896இல் அச்சேறியது. பெயர் வந்தபோது வேலைமுறை ஏற்கெனவே பாதிக்கு மேல் உருவாகியிருந்தது.


வேலந்தாவளம் எழுதியது:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஊரை வெறும் திரைச்சீலையாக விட்டுவிட முடியாது. அந்த டாக்டர் ஏன் தனியார் டாக்டராக இருந்தார் என்று கேட்டாலே ஊர் உள்ளே வந்துவிடுகிறது.

ஃபிராய்டு 1856 மே 6 அன்று மொராவியாவில் ஃப்ரைபெர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று செக் நாட்டில் பிரிபோர். அப்பா கம்பளி வியாபாரி. தெருவில் செக், வீட்டில் ஜெர்மன், சடங்கில் ஹீப்ரு, வளர்த்த தாதி கத்தோலிக்கச் செக்காரி. 1860இல் குடும்பம் வியன்னாவுக்கு வந்தது. 1867 சட்டம் யூதர்களுக்குச் சம உரிமை தந்தது. சாம்ராஜ்யத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் யூதக் குடும்பங்கள் தலைநகருக்கு வந்தன. 1900வாக்கில் வியன்னாவில் அவர்கள் சுமார் 1,47,000 பேர், நகர மக்கள்தொகையில் ஏறக்குறைய 9 சதவீதம். படிப்புதான் ஏணி. மருத்துவமும் சட்டமும் அந்த ஏணியின் படிகள்.

அந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு தகவல் போதும். 1873இல் பள்ளி இறுதித் தேர்வில் ஃபிராய்டுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்புக்கு வந்த பகுதி, அறியாமல் தந்தையைக் கொன்று தாயை மணந்தவனைப் பற்றிய சோபோக்ளிசின் ஈடிபஸ் நாடகத்திலிருந்து 33 வரிகள். 24 வருஷம் கழித்து, 1897 அக்டோபரில் நண்பர் ஃபிளீசுக்கு எழுதிய கடிதத்தில் தாய் மேல் ஆசை, தந்தை மேல் பொறாமை என்று தன்னிடமே கண்ட உணர்வைச் சொல்லும்போது அதே ஈடிபஸ் திரும்ப வருகிறான். தேர்வுத் தாளில் வந்தவன்தான். சட்டை கசங்காமல் மனப்பாடம் செய்த பாடம் பின்னாளில் ஒருவருடைய சொந்தத் துக்கத்துக்குப் பெயராகிறது. 1896 அக்டோபரில் அவருடைய அப்பா இறந்திருந்தார்.

மனதில் வருவதையெல்லாம் சொல்லும் விதிக்கும் இப்படி ஒரு பள்ளிக்காலத்து வேர் உண்டு. லுட்விக் பெர்ணே என்ற எழுத்தாளர் 1823இல், மூன்று நாளில் அசலான எழுத்தாளர் ஆவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். மூன்று நாள் தொடர்ந்து, மனதில் தோன்றுவதைப் பொய்யும் பாசாங்கும் இல்லாமல் தாளில் எழுதிக்கொண்டே போ என்பதுதான் அதன் யோசனை. பெர்ணேயின் நூல்கள் ஃபிராய்டுக்குப் பதினாலு வயதில் பரிசாகக் கிடைத்தவை. மறந்தே போயிருந்தார். 1920இல் பிறர் நினைவூட்டிய பிறகு, அங்கிருந்து வந்திருக்கலாம் என்று அவரே எழுதினார்.

ஏணி மேலே போனதா? போகவில்லை. பல்கலைக்கழகத்தில் பிரூக்கே என்ற பேராசிரியரின் உடலியல் ஆய்வகத்தில் 1876 முதல் 1882 வரை நரம்புத் திசுவை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், அங்கே சம்பள உத்தியோகம் கிடைக்காது என்று தெரிந்தே வெளியேறினார். 1885இல் பல்கலைக்கழகத்தில் ஊதியமில்லாத விரிவுரையாளர் தகுதி வந்தது. பேராசிரியர் பட்டம் 1902இல்தான். இடையில் 17 ஆண்டு. யூதர் என்பது ஒரு காரணம், எடுத்துக்கொண்ட விஷயம் இன்னொரு காரணம். இதிலும் கறுப்பு வெள்ளை இல்லை. 1896 ஏப்ரலில் ஃபிராய்டின் உரையைக் கேட்டு, "அறிவியல் மாயக்கதை போல இருக்கிறது" என்று சொன்ன அதே கிராஃப்ட் எபிங்தான், மறு ஆண்டு அவரைப் பேராசிரியராக்கப் பரிந்துரைத்தவர்களில் ஒருவர்.

அதனால் மருத்துவமனைப் படுக்கைகள் அவர் கையில் இல்லை. பாரிஸில் ஷார்க்கோவிடம் ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மேடையில் நிறுத்தி மாணவர்களுக்குக் காட்டினார், படம் பிடித்தார். அங்கே டாக்டரின் கண் வேலை செய்தது. ஃபிராய்டுக்கு நாளுக்குச் சில பேர், மணிக் கணக்கில் கட்டணம், மூடிய கதவு. 1891இலிருந்து பெர்க்காஸே 19ஆம் எண் வீடு. அங்கே காதுதான் வேலை செய்ய முடியும். மேதைமை இருக்கட்டும், இந்த ஏற்பாடு இல்லாமல் அந்த முறை வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

அரசியலையும் விடாதீர்கள். ஃபிராய்டு சிறுவனாக இருந்தபோது அப்பா ஒரு பழைய சம்பவம் சொன்னார். ஃப்ரைபெர்க்கில் புதுத் தொப்பி போட்டு நடைபாதையில் போனபோது ஒரு கிறிஸ்தவர் அதைத் தட்டிச் சேற்றில் தள்ளி, "யூதனே, இறங்கு கீழே" என்றார். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" "இறங்கித் தொப்பியை எடுத்துக்கொண்டேன்." மகன் அதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. கனவுகளின் விளக்கம் பற்றிய தன் நூலில் எழுதியும் வைத்தார். வைக்கம் தெருக்களுக்காக 1924இல் நடந்ததை அறிந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

1895இல் யூத வெறுப்பை முழங்கி கார்ல் லூகர் நகரமன்றத்தில் ஜெயித்தார். பேரரசர் அவரை மேயராக நியமிக்க மறுத்தபடி இருந்தார். 1897 ஏப்ரலில் ஏற்க வேண்டியதாயிற்று. அதே ஏப்ரலில் பிரதமர் படேனி ஒரு மொழி ஆணை போட்டார். பொஹீமியாவில் அரசு அலுவலர்கள் ஜெர்மன், செக் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று. செக்காரர்கள் பெரும்பாலும் இரண்டும் அறிந்தவர்கள், ஜெர்மன்காரர்கள் அப்படியல்ல. நாடாளுமன்றத்தில் கைகலப்பு, தெருவில் கலவரம், நவம்பரில் படேனி பதவி இழந்தார். தாலுகா ஆபீஸ் படிவம் எந்த மொழியில் வரும் என்று கவலைப்படுகிற பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அரசியலில் கதவு மூடியதால் தாராளவாதிகளின் பிள்ளைகள் மனதுக்குள் திரும்பினார்கள், உளப்பகுப்பாய்வு அப்படிப் பிறந்தது என்று கார்ல் ஷோர்ஸ்கே என்ற வரலாற்றாசிரியர் வாதிட்டார். செல்வாக்கான வாதம். பாதிதான் நிற்கும் என்பது என் கணிப்பு. பிராய்யரும் ஃபிராய்டும் சேர்ந்து எழுதிய ஹிஸ்டீரியா நூல் 1895 மே மாதமே வந்துவிட்டது. லூகரும் படேனியும் காரணமானால் அது பின்னால் வந்திருக்க வேண்டும். கனவு நூலின் தொனிக்கு அந்த அரசியல் பொருந்தும், கட்டிலுக்குப் பொருந்தாது.


கொழிஞ்சாம்பாறை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. முதல் ஞாயிறு ஏறக்குறைய தயாராகிவிட்டது. இன்னும் இரண்டு. சொற்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம், வாய் தவறிச் சொல்வதற்கும் மறைந்த காரணம் உண்டு என்று ஃபிராய்டு சொன்னதை வகுப்பில் எப்படி விளக்குவது? இங்கே எல்லோருமே தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேசுகிறவர்கள். யார் எதைத் தவறிச் சொன்னாலும் "ஆழ்மனசு பேசுது" என்று கலாட்டா செய்வார்கள்.


எல்லைத் தமிழ் எழுதியது:

முதலில் சொற்கள். உங்கள் மலையாள மீடியம்காரர்கள் "உபபோத மனஸ்" என்பார்கள். தமிழ் மீடியம்காரர்கள் "ஆழ்மனம்" என்பார்கள். இரண்டுமே வழுக்கும். மனதுக்கு அடியில் இன்னொரு மனம் உட்கார்ந்து யோசிக்கிறது என்ற படத்தை இரண்டும் கொடுக்கின்றன. "உப" என்ற முன்னொட்டுக்கு இணையான ஜெர்மன் சொல்லை ஃபிராய்டே வேண்டாம் என்று ஒதுக்கினார். இடத்தால் கீழே என்கிறீர்களா, இன்னொரு வகை நனவு என்கிறீர்களா என்று தெளிவில்லை என்பது அவர் காரணம். நனவுக்கு எட்டாதது என்ற பொருளில் பொருந்துவது தமிழில் "நனவிலி", மலையாளத்தில் "அபோதம்". பலகையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நனவிலி புதிதும் அல்ல. எதுவார்ட் ஃபொன் ஹார்ட்மன் 1869இலேயே அதைத் தலைப்பாக வைத்துத் தத்துவ நூல் எழுதிவிட்டார். ஃபிராய்டு சேர்த்தது, அதை அறைக்குள் கேட்டறிய ஒரு வழி.

"ஈகோ" என்ற சொல்லைக் கூடியவரை தவிர்க்கவும். நம் பேச்சில் அதற்குத் திமிர் என்று பொருளாகிவிட்டது. ஃபிராய்டு ஜெர்மனில் எழுதியது "நான்", "அது", "மேல்நான்" என்ற சின்னச் சின்ன வீட்டுச் சொற்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் அவை லத்தீன் உடை போட்டுக்கொண்டன. அந்த உடையோடு அவை நம்மிடம் வர வேண்டியதில்லை. இந்த மூன்றும் 1923இல் வந்தவை என்பதால் தோற்றம் பற்றிய வகுப்பில் தொடாமலே விட்டாலும் குறையில்லை.

அதிகம் கெடுப்பது "அடக்குதல்". கோபத்தை அடக்கினேன் என்றால் தெரிந்து செய்தது. ஃபிராய்டின் சொல்லுக்கு அருகில் வருவது "வெளித்தள்ளுதல்". 1909இல் அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் பேசும்போது அவர் சொன்ன உதாரணத்தை உங்கள் கூடத்திலேயே செய்து காட்டலாம். ஒருவர் பேச விடாமல் சத்தம் போடுகிறார். நாலு பேர் அவரைத் தூக்கி வெளியே விட்டுக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுக்கிறார்கள். அவர் வெளியே நின்று கதவை இடிக்கிறார். உள்ளே இருப்பதைவிடத் தொந்தரவு கூடிவிடுகிறது. கடைசியில் ஒரு பெரியவர் போய்ப் பேசி, சமாதானம் செய்து உள்ளே அழைத்து வருகிறார். தள்ளுவது வெளித்தள்ளல், முட்டுக்கொடுத்த நாற்காலி எதிர்ப்பு, கதவு இடிபடும் சத்தம் நோய்க்குறி, பெரியவர் சிகிச்சை செய்பவர். ஐந்து நிமிடத்தில் முடியும்.

இனி வாய் தவறுதல். உங்கள் ஊருக்கு இது நல்ல தலைப்பு, கவனமாகவும் தொட வேண்டிய தலைப்பு. தாகமாக இருக்கிறது என்று வந்த ஒருவர் "வெள்ளம் வேணும்" என்றால் அது ஃபிராய்டின் பிழையாகாது. மலையாளச் சொல் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். இந்த மாதிரி எந்திரவகைக் காரணங்களுக்காக அன்றைய வியன்னாவிலேயே ஒரு மொழியியலாளர் வாதாடினார். ருடால்ஃப் மெரிங்கர் என்பவர் கார்ல் மாயர் என்ற மருத்துவரோடு சேர்ந்து ஏராளமான வாய்த்தவறுகளைத் தொகுத்து 1895இல் நூலாக்கினார். பக்கத்து ஒலிகள் ஒன்றையொன்று இழுப்பதுதான் காரணம் என்றார். ஃபிராய்டு 1901இல் அந்தத் தொகுப்பையே எடுத்துக்கொண்டு, ஒலி வழி செய்து கொடுக்கும், ஆனால் அந்த நேரத்தில் அந்த வழியில் இறங்கத் தூண்டியது எது என்று கேட்டார். வழி வேறு, அதில் நடக்க வந்த காரணம் வேறு. வகுப்பில் இந்த ஒரு வேறுபாட்டை நிறுத்திவிட்டால் கலாட்டா தானாக அடங்கும்.

ஓர் உதாரணம் தருகிறேன். "அவகாசம்" தமிழில் கால நீட்டிப்பு. மலையாளத்தில் ஏறத்தாழ அதே ஒலியில் உரிமை, பங்கு. பாகப் பிரிவினைப் பேச்சில் ஒரு தம்பி அண்ணனிடம் "எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்" என்கிறார். டைம் என்று சொல்லியிருக்கலாம், நாள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மொழியும் தெரிந்தவர் இந்த இடத்தில் இந்தச் சொல்லை எடுத்ததில் ஏதாவது இருக்கிறதா? ஃபிராய்டு காதைத் தீட்டிக்கொள்வார். ஆனால் முடிவு சொல்ல மாட்டார். அந்தச் சொல்லை ஒட்டி உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று தம்பியிடமே கேட்பார். பக்கத்தில் இருப்பவர் தீர்ப்புச் சொன்னால் அது உளப்பகுப்பாய்வாக ஆகாது, வம்பு.

இருமொழிக்காரர்களுக்கென்றே அமைந்தது போல ஃபிராய்டின் சொந்த மறதி ஒன்று இருக்கிறது. 1898இல் ரகுசா நகரிலிருந்து ஹெர்ட்ஸெகோவினா பக்கம் பயணம் போகிறார். கூட வந்தவரிடம் ஒர்வியெட்டோ தேவாலயத்துச் சுவரோவியங்களைப் பற்றிச் சொல்ல வருகிறார். ஓவியர் பெயர் சின்யோரெல்லி. அது வரவில்லை. பொத்திச்செல்லி, பொல்த்ராஃபியோ என்று இரண்டு தப்பான பெயர்கள் வருகின்றன. பலகையில் இப்படிப் பிரித்துக் காட்டுங்கள். "சின்யோர்" தனியாக, "எல்லி" தனியாக. எல்லி தொலையவில்லை, பொத்திச்செல்லியின் வாலில் இருக்கிறது. தொலைந்தது சின்யோர். இத்தாலியனில் அதற்கு ஐயா என்று பொருள். ஜெர்மனில் அது "ஹெர்". ஹெர் என்றதும் ஹெர்ட்ஸெகோவினா. அதோடு சேர்த்தே சொல்லப்படும் ஜோடிப் பெயர் பொஸ்னியா. அந்தப் "பொ"தான் இரண்டு தப்பான பெயர்களின் தலையிலும் நிற்கிறது.

ஏன் ஹெர் தள்ளப்பட்டது? சற்றுமுன் பேச்சு பொஸ்னியாவில் வாழும் துருக்கியர்களைப் பற்றி. பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னால், "ஹெர், என்ன சொல்வது, காப்பாற்ற முடிந்திருந்தால் நீங்கள் காப்பாற்றியிருப்பீர்கள்" என்பார்களாம். அடுத்து அவர்கள் காமத்துக்குக் கொடுக்கும் மதிப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, முன்பின் தெரியாதவரிடம் வேண்டாம் என்று ஃபிராய்டு நிறுத்திக்கொண்டார். அதோடு சேர்ந்து இன்னொன்றையும் தள்ளிவைத்தார். சில வாரங்களுக்கு முன் த்ராஃபொய் என்ற ஊரில் இருந்தபோது, தன் நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்ட செய்தி அவருக்கு வந்திருந்தது. பொல்த்ராஃபியோவின் பின்பாதியைப் பாருங்கள், அங்கே த்ராஃபொய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சின்யோரிலிருந்து ஹெர்ருக்குப் போன தாவல் ஒரு மொழிபெயர்ப்பு. ஒற்றை மொழி ஊரில் இந்த முடிச்சு விழவே முடியாது. பல மொழிச் சாம்ராஜ்யம் இந்த அறிவுத்துறைக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். மறுப்பும் உண்டு, அதையும் சொல்லுங்கள். இத்தாலிய அறிஞர் செபஸ்தியானோ திம்பனாரோ பழைய கையெழுத்துப் பிரதிகளில் பிழை திருத்துகிறவர்களின் அனுபவத்தை வைத்து, அரிதான பெயர் பழகிய பெயராக நழுவுவது எழுத்தர்களிடம் சர்வசாதாரணம், இதற்கு நனவிலி தேவையில்லை என்று 1974இல் வாதிட்டார். பொத்திச்செல்லி சின்யோரெல்லியைவிடப் பழகிய பெயர்தானே. மெரிங்கரின் கேள்வி அப்படியே திரும்பி வருகிறது.


உளவியல் வகுப்பு எழுதியது:

இரண்டாவது ஞாயிறுக்குச் சில நடைமுறை விவரங்கள். 1913இல் சிகிச்சையை எப்படித் தொடங்குவது என்று ஃபிராய்டு எழுதிய கட்டுரையில் எல்லாம் கணக்காக இருக்கும். வாரத்துக்கு ஆறு நாள், ஞாயிறும் பெரிய பண்டிகைகளும் விடுமுறை. லேசான நோய்க்கு வாரம் மூன்று நாள். ஒரு நாள் விடுமுறைகூட வேலையைக் கெடுக்கும், திங்களன்று மேலே ஆடை படிந்தது போல ஆகிவிடும் என்று "திங்கள் ஆடை" என்றே பேர் வைத்தார். முதல் ஒன்று இரண்டு வாரம் சோதனைக் காலம், இந்த முறைக்கு ஆள் பொருந்துவாரா என்று பார்க்க. ஒதுக்கிய மணி நோயாளியுடையது, வராவிட்டாலும் கட்டணம் உண்டு. பத்து வருஷம் போல தினமும் ஒன்றிரண்டு மணி இலவசமாகப் பார்த்திருக்கிறார். இலவசம் நோயாளியின் எதிர்ப்பைக் கூட்டுகிறது என்று கண்டார். இந்தக் கருத்து இன்றும் வாதத்துக்குரியது, உங்கள் வகுப்பில் சண்டையே வரலாம், வரட்டும்.

கட்டிலுக்கு அவர் கொடுத்த காரணம் இரண்டு. ஹிப்னாடிசக் காலத்து மிச்சம் என்பது ஒன்று. நாளுக்கு எட்டு மணி நேரம் பிறர் தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தன்னால் தாங்க முடியாது என்பது மற்றொன்று. தன் முகபாவம் நோயாளியின் பேச்சைத் திருப்பிவிடும் என்றும் சேர்த்துச் சொன்னார். பேசும்போது குறிப்பு எடுக்கக் கூடாது. எடுத்தால் எதை எழுதலாம் என்று மனம் பொறுக்கத் தொடங்கிவிடும், பொறுக்காத சம கவனம் போய்விடும். நோயாளிக்குச் சொல்லும் விதிக்கு அவர் கொடுத்த உவமை ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்தவர், உள்பக்கம் இருப்பவருக்கு வெளியே மாறிக்கொண்டே போவதைச் சொல்வது போலச் சொல்லுங்கள் என்பார். வாளையாறு கணவாய் வழியாகப் போய்வருகிறவர்களுக்கு இது போதும். முக்கியமற்றது, அசிங்கமானது, சம்பந்தமில்லாதது என்று தோன்றுவதையும் விடக் கூடாது. அப்படித் தோன்றுவதே எதிர்ப்பின் அடையாளம்.

எது கெடுகிறது என்பதற்கு டோரா என்ற பதினெட்டு வயதுப் பெண்ணின் சிகிச்சையைச் சொல்லுங்கள். 11 வாரத்தில், 1900 டிசம்பர் 31 அன்று அவர் எழுந்து போய்விட்டார். வேறொருவர் மேல் இருந்த உணர்ச்சி தன் மேல் திரும்பியிருப்பதை நேரத்தில் கவனிக்கத் தவறினேன் என்று ஃபிராய்டு 1905இல் எழுதினார். இதுதான் உணர்ச்சி இடமாற்றம். ஆனால் அப்பாவின் நண்பர் ஒருவர் அந்தப் பெண்ணிடம் அத்துமீறியதை டோரா சொன்னபோது, ஃபிராய்டு அந்தப் பெண்ணின் ஆசையைத் தேடிய அளவுக்கு அவருடைய கோபத்துக்கு இடம் கொடுக்கவில்லை. இதை மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதோடு சேர்த்து 1896, 1897 மாற்றத்தில் மிகுந்த கவனம் தேவை. 1896இல், 18 நோயாளிகளை வைத்து, 6 ஆண்கள், 12 பெண்கள், ஹிஸ்டீரியாவின் வேர் குழந்தைப் பருவத்தில் நடந்த பாலியல் வன்முறை என்றார். 1897 செப்டம்பர் 21 கடிதத்தில் அதை இனி நம்பவில்லை என்று ஃபிளீசுக்கு எழுதினார். ஒரு சிகிச்சையும் சரியாக முடியவில்லை, இவ்வளவு தந்தைகள் குற்றவாளிகளாக இருக்க முடியுமா, நனவிலியில் நடந்ததையும் கற்பனை செய்ததையும் பிரித்தறிய வழியில்லை என்பவை அவர் சொன்ன காரணங்களில் சில. பலர் இதைக் "குழந்தைகள் சொல்வது கற்பனை" என்று சுருக்கிவிடுகிறார்கள். அது பெரும் தீங்கு. எல்லா ஹிஸ்டீரியாவுக்கும் அதுவே காரணம் என்ற கோட்பாட்டைத்தான் அவர் கைவிட்டார். அப்படிக் கொடுமை நடப்பதே இல்லை என்று அவர் சொன்னதில்லை. அவருடைய நெருங்கிய சீடர் ஃபெரென்சி 1932இல் அந்தக் கொடுமைகளை மறுபடியும் முன்னே கொண்டுவந்தபோது ஃபிராய்டு அதை வரவேற்கவில்லை என்பதும் உண்மை. கூடத்தில் யாருக்கு என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. இந்தப் பகுதியைப் பத்து நிமிடம் நிதானமாகச் சொல்லுங்கள், சிரிப்புக்கு இடமில்லாமல். வருகிறவர்களின் கனவுகளை வாங்கி மேடையில் விளக்கும் வேலை வேண்டவே வேண்டாம். உதாரணம் வேண்டுமானால் சின்யோரெல்லி இருக்கிறது.


கொழிஞ்சாம்பாறை எழுதியது:

டீச்சர், கடைசியில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். கனவு விளக்கம் நிகழ்ச்சிநிரலில் இருந்தது, எடுத்துவிட்டோம். ஒரே ஒரு கேள்வி பாக்கி: இது இந்தியாவுக்கு எப்போது வந்தது?


பழைய மருத்துவம் எழுதியது:

நினைப்பதைவிடச் சீக்கிரம். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் வெளித்தள்ளல் பற்றிய ஆய்வை 1921இல் ஃபிராய்டுக்கு அனுப்பினார். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். கடிதத்திலேயே ஃபிராய்டோடு வாதாடியவர். ஒவ்வோர் ஆசைக்கும் நேர் எதிரான ஆசை மனதில் கூடவே இருக்கிறது என்பது அவர் கோட்பாடு. ஈடிபஸ் விஷயத்தில் தன் நோயாளிகள் ஐரோப்பியர்களிலிருந்து வேறுபடுவதாகவும் எழுதினார். ஃபிராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்கு 1931இல் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போனது. அதைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். 1938 ஜூனில் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் போனபோது அவருடைய சிலைத் தொகுப்பும் பின்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்தது.

கனவு நூலைப் பற்றி ஒரு திருத்தமும் சேர்த்துக்கொள்ளுங்கள், போஸ்டரில் 1900 என்று போட்டிருந்தால். அட்டையில் இருப்பது 1900, கடைக்கு வந்தது 1899 நவம்பர். அச்சிட்டது 600 பிரதி. அவை விற்றுத் தீர எட்டு வருஷம் ஆயிற்று.